லைனை வெட்டியாச்சு, கறுப்புப் போனை என்ன செய்வது?

கல்லடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டுக்கு பைபர் எடுத்த கையோடு பழைய செம்புக் கம்பி லைனை நிறுத்திவிட்டார்களாம். அம்மப்பா காலத்துக் கறுப்புப் போன் ஒன்றும், லண்டனில் இருந்த மாமா எண்பதுகளில் கொண்டுவந்த வெளிர் மஞ்சள் சுழற்றும் போன் ஒன்றும் அலுமாரிக்கு மேல் கிடக்கின்றன. உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு ஒரு புளூடூத் போர்டு வைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் ஒருவர் சொல்கிறாராம், செய்யலாமா என்பது கேள்வி. அம்மாவுக்கு அந்த மணிச்சத்தம் திரும்பவும் வீட்டில் கேட்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்.

கழற்ற விடாதீர்கள் தம்பி. இரண்டு போனும் வேலை செய்யும், மணியும் அடிக்கும், டயலைச் சுழற்றியே கோலும் எடுக்கலாம், உள்ளே ஒரு வயரைக்கூட வெட்டத் தேவையில்லை. போர்டு வைத்தால் அது இரண்டு மூன்று வருஷத்தில் பழுதாகும், அப்போது அதே போர்டு கடையில் இருக்காது, கழற்றிய மணியும் சுருளும் குப்பைக்குப் போயிருக்கும். நான் தொண்ணூறுகளில் களுவாஞ்சிகுடியில் கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தவன், அதற்குப் பிறகும் இன்றுவரை போன் திருத்துகிறேன். அப்படி வயிறு கிழிக்கப்பட்டு வந்த கறுப்புப் போன்கள் நாலைந்தைப் பார்த்துவிட்டேன், ஒன்றையும் மீட்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். இந்தப் போன்களுக்கென்று சொந்தக் கரண்ட் கிடையாது, எல்லாம் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது. ரிசீவர் வைத்தபடி இருக்கும்போது அந்த இரண்டு வயரிலும் ஏறக்குறைய 48 வோல்ட் டீசி நிற்கும். தூக்கினால் 20 முதல் 40 மில்லி அம்பியர் அளவுக்கு ஓடும், வோல்டேஜ் பத்துக்குக் கீழே இறங்கிவிடும், அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் நீங்கள் தூக்கினீர்கள் என்று எக்ஸ்சேஞ்ச் அறிந்து டயல் டோன் கொடுத்தது. கோல் வந்தால் அதே வயரில் 75 வோல்ட் அளவு ஏசியை, விநாடிக்கு 20 அல்லது 25 தரம் மாறுகிற மெதுவான ஏசியை அனுப்பி மணியை அடித்தது. நீங்கள் டயலைச் சுழற்றும்போது விழுகிற துடிப்புகளை எண்ணியது. பிறகு குரலைக் கொண்டுபோனது. கரண்ட் கொடுப்பது, மணி அடிப்பது, துடிப்பு எண்ணுவது, குரல் கடத்துவது, இந்த நாலையும் வீட்டுக்குள் வேறு ஒன்று செய்துவிட்டால் போனுக்கு வித்தியாசமே தெரியாது. அப்படிச் செய்கிற பெட்டிகள் உள்ளங்கை அளவில் கிடைக்கின்றன.

பெட்டி வாங்க ஓட வேண்டாம். அதற்கு முன் போன் உயிரோடு இருக்கிறதா என்று ஒன்பது வோல்ட் பட்டரி ஒன்றை வைத்தே பார்த்துவிடலாம். ஒரு சிவப்பு எல்ஈடி, 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பட்டரி, போனின் லைன் வயர் இரண்டு, எல்லாவற்றையும் ஒரே வளையமாகத் தொடுத்துக்கொள்ளுங்கள். ரிசீவர் கீழே இருக்கும்போது எல்ஈடி அணைந்திருக்க வேண்டும், தூக்கியதும் எரிய வேண்டும். எரிந்தால் ரிசீவர் வைக்கிற கொக்கியும் வயரும் சுருளும் நல்லது. இப்போது வாய்ப்பக்கத்தில் மெதுவாக ஊதுங்கள். உங்கள் ஊதல் உங்கள் காதிலேயே கேட்டால் மைக்கும் காதுக்குமிழும் நல்லது. கடைசியாக 0 சுழற்றி விடுங்கள், டயல் திரும்பி வரும்போது எல்ஈடி பத்துத் தரம் அணைந்து எரிய வேண்டும். 1 சுழற்றினால் ஒரு தரம், 5 என்றால் ஐந்து. கண்ணால் எண்ணுவது கஷ்டம், கைபேசியில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து ஆறுதலாக எண்ணுங்கள். மணியை மட்டும் இந்த முறையில் பார்க்க முடியாது, அதற்கு ஏசி வேண்டும். அதற்காக வீட்டு பிளக்கில் உள்ள 230 வோல்ட்டில் கொடுத்துப் பார்க்கலாமா என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள், மணிச்சுருள் எரியும், ஆளையும் அடிக்கும்.

நம் ஊரில் கிடந்த போன் என்றால் பத்துக்கு எட்டு இந்தப் பரீட்சையில் ஏதோ ஒரு இடத்தில் தட்டும். காரணம் வாவியும் கடலும். கல்லடியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலத்தில் இருக்கிறீர்கள், உப்புக் காற்று இரண்டு பக்கத்தாலும் வருகிறது, கார்த்திகை மார்கழி மழையில் சுவரே வியர்க்கும். மூடியைக் கழற்றினால் பித்தளை ஸ்குரூக்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அதைவிட மோசம் எறும்பு. மணிக் கிண்ணத்துக்குக் கீழே கூடு கட்டி மண் கொண்டுவந்து நிரப்பி வைத்திருக்கும், போன மாதம் ஆரையம்பதியிலிருந்து வந்த ஒரு போனில் மணி அடிக்கும் சுத்தியல் அசையவே இடமில்லை. கரப்பான் முட்டையும் இருக்கும். சின்னத் தூரிகையால் எல்லாவற்றையும் தட்டி எடுங்கள், தண்ணீர் பட வேண்டாம்.

துப்புரவில் முக்கியமான இடம் கொக்கிக்குக் கீழே உள்ள கொண்டாக்ட் தகடுகள், அப்புறம் டயலுக்குப் பின்னால் உள்ள கொண்டாக்ட் தகடுகள். மெல்லிய நீள இலைகள் போல இருக்கும், நுனியில் சின்னப் பொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில்தான் எல்லாம் இருக்கிறது. அதை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்க்காதீர்கள். நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு நல்ல போனின் கொண்டாக்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தேன், இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது, மேலே இருந்த நல்ல உலோகத்தை நானே உரித்துவிட்டிருந்தேன், அடியில் இருந்தது உடனே கறுத்துவிட்டது. அந்தப் போன் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு இன்றும் மனதில் இருக்கிறது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கல்யாணக் கார்ட்டில் ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி, ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்து, இரண்டு தகட்டுக்கும் நடுவில் வைத்து, தகட்டை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு கார்ட்டை இழுங்கள். கார்ட்டில் கறுப்புக் கோடு விழும். அடுத்த துண்டு எடுங்கள். கோடு விழாமல் வரும்வரை இழுங்கள். தகட்டை வளைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயலுக்கு வருவோம். ஆரோக்கியமான டயல் விநாடிக்குப் பத்துத் துடிப்பு விடும், அதாவது 0 சுழற்றிக் கையை விட்டால் திரும்பி வர ஏறக்குறைய ஒரு விநாடி. ஒன்றரை, இரண்டு விநாடி எடுத்தால் டயல் தூங்குகிறது என்று அர்த்தம். அந்தக் காலத்து ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்சில் உங்கள் விரல் சுழற்றிய துடிப்பே நேராகப் போய் அங்குள்ள இரும்புக் கையை ஒவ்வொரு படியாக ஏற்றியது, அதனால் வேகம் கொஞ்சம் தவறினாலும் வேறு வீட்டுக்குப் போகும். இன்றைய பெட்டி கணினி என்றாலும் இந்த விஷயத்தில் அதே பிடிவாதம்தான், 9 முதல் 11 வரை இருந்தால் ஒழுங்காகக் கேட்கும், மெதுவானால் 8ஐ 7 என்று எண்ணும் அல்லது நடுவில் போனை வைத்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

தூங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பின்பக்கத்தில் உள்ள வேகக் கட்டுப்பாடு. சின்னப் பித்தளைக் கிண்ணத்துக்குள் இரண்டு எடைகள் சுற்றும், வேகம் கூடினால் அவை விரிந்து கிண்ணச் சுவரில் உரசி வேகத்தைப் பிடிக்கும், கீழே திருகு மாதிரிப் பல் சுற்றிய ஒரு அச்சு, புழுப்பல் என்பது அதைத்தான். அதில் ஐம்பது வருஷத்து எண்ணெய் மெழுகாக உறைந்திருக்கும். பஞ்சுக் குச்சியில் அல்ககோல் தொட்டுத் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெயை ஊசி நுனியில் எடுத்து அச்சின் இரண்டு முனையிலும் ஒரு துளியில் பாதி வையுங்கள், புழுப்பல்லில் இன்னொரு பாதி. கிண்ணத்துக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது, போனால் எடைகள் வழுக்கி டயல் பறக்கும். டபிள்யூடி-40 அடிக்காதீர்கள், அது எல்லா இடமும் பரவும், கொண்டாக்டிலும் கிண்ணத்திலும் படிந்து தூசியைப் பிடித்து வைக்கும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள், நம் வீடுகளில் எதற்கும் அதுதானே கைக்கு வருகிறது, ஆனால் ஒரு வருஷத்தில் அது பசையாகிவிடும், எறும்பையும் கூப்பிடும். டயல் ஸ்பிரிங்கை மட்டும் கழற்ற வேண்டாம், அது பறந்து விரிந்தால் திரும்பச் சுற்றுவது பழகிய கைக்கே அரை நாள் வேலை.

காதில் கேட்கிறது, ஆனால் உங்கள் குரல் எதிர்ப்பக்கம் போகவில்லை அல்லது கிணற்றுக்குள் இருந்து பேசுவது மாதிரிப் போகிறது என்றால் மைக்கைப் பாருங்கள். உள்ளே கரித்தூள் மணிகள் இருக்கின்றன. உங்கள் குரல் தகட்டைத் தள்ளும்போது மணிகள் நெருங்கி விலகும், கரண்ட் கூடிக் குறையும், அதுதான் குரலாகப் போகிறது. வருஷக்கணக்காக அசையாமல் ஈரத்தில் கிடந்தால் மணிகள் கட்டி பிடித்துவிடும். ரிசீவரைப் படுக்கையாகப் பிடித்து உள்ளங்கையில் நாலைந்து தட்டுத் தட்டி, திருப்பித் திருப்பி உருட்டுங்கள். பாதிப் போன்கள் இதிலேயே பேசத் தொடங்கிவிடும். பேசாவிட்டால் மைக் குமிழைக் கழற்றி அரிசிக்குள் புதைத்து இரண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள், ஈரம் மட்டும்தான் காரணம் என்றால் திரும்பும். அப்படியும் வராவிட்டால்தான் மாற்று மைக். அதே வடிவத்தில், உள்ளே கரிக்குப் பதில் எலெக்ட்ரெட் என்ற புதுவகை மைக் வைத்தது வெளிநாட்டில் விற்கிறார்கள், பழைய குமிழை எறியாமல் ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கரி மைக்கின் குரலுக்கு ஒரு கனம் உண்டு. என் கடைக்கு வெளிநாட்டுக் கோல் வரும்போது பொடியன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அந்த வீட்டுக்காரரைக் கூட்டி வருவான், கனடாவில் இருந்து மகன் பத்து நிமிஷத்தில் திரும்ப எடுப்பார், தாய்மார் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசுவார்கள், அழுவார்கள், அது அங்கே கேட்டது. அந்தச் சத்தத்தை அப்படியே வைத்திருக்கத்தான் நான் முடிந்தவரை கரி மைக்கை மாற்றாமல் திருத்துகிறேன்.

சரி, இனிப் பெட்டி. உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது.

முதலில் கையில் இருப்பதைப் பாருங்கள். பைபர் பெட்டியின் பின்னால் இன்டர்நெட் வயர் செருகும் துளைகளோடு, அவற்றைவிடச் சின்னதாகப் போன் வயர் செருகும் துளை ஒன்றோ இரண்டோ இருக்கும். சிம் போட்ட வீட்டு ரௌட்டர்கள் சிலவற்றிலும் உண்டு. செம்புக் கம்பியைத்தான் நிறுத்தினீர்கள், பைபரோடு பேச்சுச் சேவையும் சேர்ந்திருந்தால் பழைய 065 நம்பரே அந்தத் துளையில் உயிரோடு இருக்கலாம், பில்லை எடுத்துப் பாருங்கள் அல்லது கேட்டுப் பாருங்கள். இருந்தால் போனைச் செருகினாலே மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம். வெளியே எடுப்பதில்தான் சிக்கல் வரும், ஏனென்றால் இந்தத் துளைகளில் பல பட்டன் போனின் ஒலியை மட்டும்தான் கேட்கும், சுழற்றுகிற டயலின் துடிப்பை எண்ணத் தெரியாது. பரீட்சை சுலபம். ரிசீவரைத் தூக்கி 2 சுழற்றுங்கள், டயல் டோன் நின்றால் அது எண்ணுகிறது, நிற்காமல் பாடிக்கொண்டே இருந்தால் எண்ணவில்லை. எண்ணாத பெட்டிக்குத் துடிப்பை ஒலியாக மாற்றிக் கொடுக்கிற சின்னக் கருவி உண்டு, வயருக்கு நடுவில் வைக்கும் டயல்கிஸ்மோ ஒன்று, போனுக்குள்ளேயே வைக்கும் ரோட்டடோன் ஒன்று. இரண்டும் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டியவை, உறவினர் வரும்போது சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, கைபேசியோடு புளூடூத்தில் சேர்கிற பெட்டி. உங்கள் அம்மாவுக்கு நான் சொல்வது இதைத்தான். கடைக்காரர் சொன்ன போர்டும் புளூடூத்தான், ஆனால் இது போனுக்கு வெளியே இருக்கும், எக்ஸ்சேஞ்ச் செய்த வேலையைச் செய்யும், போன் அப்படியே இருக்கும். எக்ஸ்லிங்க் என்று ஒரு வகை இருக்கிறது, சுழற்றும் டயலையும் ஏற்றுக்கொள்ளும். அம்மாவின் கைபேசியை ஒரு தரம் சேர்த்துவிட்டால் போதும். கைபேசிக்குக் கோல் வந்தால் கறுப்புப் போன் மணி அடிக்கும், தூக்கிப் பேசலாம். கறுப்புப் போனைத் தூக்கினால் பெட்டி டயல் டோன் தரும், 077 என்று தொடங்கிச் சுழற்றினால் கைபேசி கோலை எடுக்கும். மாத வாடகை இல்லை, புது நம்பர் இல்லை, உறவுகள் எல்லோரும் ஏற்கெனவே எடுக்கிற அதே நம்பர். இன்னொரு வசதியும் இருக்கிறது. ஓட்டு வீட்டின் நடு அறையில் சிக்னல் பிடிக்காது, அம்மா கைபேசியோடு வாசலுக்கு ஓட வேண்டியிருக்கும் அல்லவா? கைபேசியைச் சிக்னல் உள்ள ஜன்னலோரம் சார்ஜில் வைத்துவிட்டு, கறுப்புப் போனை அது எப்போதும் இருந்த முக்காலியிலேயே வைக்கலாம். அம்மா கிணற்றடியில் நின்றால் கைபேசியின் பாட்டுக் கேட்காது, இந்த மணி கேட்கும்.

மூன்றாவது, இன்டர்நெட் வழியாகப் பேசுகிற ஏடிஏ பெட்டி. இன்டர்நெட் நம்பர் தருகிற கணக்கு ஒன்று வேண்டும், அல்லது வீட்டுக்குள் மட்டும் பேசுவதென்றால் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றில், எக்ஸ்சேஞ்ச் வேலையைச் செய்கிற ஆஸ்டெரிஸ்க் மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம், அது கணினி பழகிய பிள்ளைகளுக்கு ஒரு விடுமுறை வேலை. இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லா ஏடிஏவும் துடிப்பு எண்ணாது. நான் இணையத்தில் வாங்கிய முதல் பெட்டி எண்ணவில்லை, விற்றவர் எண்ணும் என்று சொல்லித்தான் அனுப்பினார், திருப்பி எடுக்கவும் இல்லை. கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801 எண்ணும், ஆனால் வாங்கியதும் எண்ணாது, அதன் செட்டிங் பக்கத்துக்குள் போய்ப் போன் போர்ட்டுக்கான பகுதியில் பல்ஸ் டயலிங் என்பதை நீங்கள்தான் இயக்க வேண்டும். அங்கேயே இன்னொன்றையும் மாற்றுங்கள். ஒரு இலக்கத்துக்கும் அடுத்த இலக்கத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று ஒரு கணக்கு இருக்கும், வரும்போது அது 4 விநாடி. 9ஐ இழுத்து, விட்டு, அது திரும்பி, அடுத்த துளையில் விரலை வைத்து இழுக்கிற வயதான ஆளுக்கு 4 போதாது, பாதி நம்பரில் பெட்டி கோலை அனுப்பிவிடும், அம்மா தன்னில்தான் பிழை என்று நினைத்துக்கொள்வார். 8 ஆக்கிவிடுங்கள். மணியின் வேகத்தையும் அங்கே மாற்றலாம், வரும்போது 20இல் இருக்கும், பிரிட்டிஷ் மணிகளுக்கு 25 வைத்துப் பாருங்கள், சத்தம் எதில் திடமாக இருக்கிறதோ அதில் விடுங்கள்.

மணி என்றதும் உங்கள் லண்டன் போன் ஞாபகம் வருகிறது. அடியில் 746 என்று இருக்கிறதா பாருங்கள், பக்கத்தில் இரண்டு இலக்கத்தில் ஆண்டும் குத்தியிருப்பார்கள். 746 வகை 1967இல் வந்தது. பிரிட்டனில் 1981இல் புதிய பிளக் முறை வந்தபோது பல போன்களை அதற்கு மாற்றினார்கள், அந்த முறையில் மணிக்கான கெப்பாசிட்டர் போனில் இல்லை, சுவரில் உள்ள சொக்கட்டில் இருக்கும், மணிக்கென்று மூன்றாவது வயர் ஒன்று அங்கிருந்து வரும். இங்கே நீங்கள் இரண்டு வயரை மட்டும் பெட்டியில் கொடுத்தால் எல்லாம் வேலை செய்யும், பேசலாம், சுழற்றலாம், மணி மட்டும் ஊமை. எத்தனையோ பேர் இதில் மணி பழுது என்று முடிவு கட்டி மணியைக் கழற்றிவிட்டார்கள். வேண்டியது ரிங் கெப்பாசிட்டர் உள்ள பிரிட்டிஷ் அடாப்டர் ஒன்று, அவ்வளவுதான். கெப்பாசிட்டர் தனியாக வாங்கிச் செய்தால் 1.8 மைக்ரோபாரட், 250 வோல்ட். அம்மப்பாவின் கறுப்புப் போனுக்கு இந்தக் கவலை இல்லை. பேக்கலைட் உடம்பும் அடியில் இழுப்பறை மாதிரி ஒரு தட்டும் இருந்தால் அது 1937இல் தொடங்கிய 300 வரிசை ஆளாக இருக்கும், அதன் கெப்பாசிட்டர் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதன் துணி சுற்றிய வயரை நன்றாகப் பாருங்கள், துணிக்கு உள்ளே இருப்பது ரப்பர், வெயிலிலும் வயதிலும் அது பொரிந்து உதிர்ந்து வயரோடு வயர் தொட்டுக்கொள்ளும்.

மணி அடிக்கிறது, ஆனால் சத்தம் தட்டையாக இருக்கிறது என்றால் கிண்ணத்தின் ஸ்குரூவைத் தளர்த்தி கிண்ணத்தையே கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். துளை நடுவில் இருக்காது, வேண்டுமென்றே ஒரு பக்கம் தள்ளித்தான் இருக்கும், சுற்றச் சுற்ற சுத்தியலுக்கும் கிண்ணத்துக்கும் உள்ள தூரம் மாறும். ஒரு மயிரிழை இடைவெளியில் கோயில் மணி மாதிரி நீண்டு ஒலிக்கிற இடம் ஒன்று அகப்படும், அங்கே இறுக்குங்கள். டயல் சுழற்றும்போது மணி தானாகக் கிணுகிணு என்றால் லைன் வயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கும்.

இனி இதை வாசித்துவிட்டு உடனே வீட்டின் பழைய போன் வயரில் பெட்டியைச் செருகிவிடாதீர்கள். அந்த வயரின் மறுமுனை இன்னும் வெளியே கம்பத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள். லைனை நிறுத்தியவர்கள் கம்பியைக் கழற்றிவிட்டுப் போயிருக்கமாட்டார்கள். வெளியே இருந்து வருகிற இரண்டு முனையையும் வீட்டு வயரிலிருந்து பிரித்து, தனித்தனியாகச் சுற்றி, ஒதுக்கிவிடுங்கள். பிரிக்காமல் விட்டால் பெட்டியின் கரண்ட் ரோட்டுக்குப் போகும், அதைவிட ஐப்பசி இடியில் ரோட்டில் விழுந்தது உங்கள் பெட்டிக்கு வரும், அங்கிருந்து பைபர் பெட்டிக்கு, கணினிக்கு. பிரித்த பிறகு பழைய வயர் உங்கள் சொந்த வயர், அதிலேயே இரண்டு போனையும் வேறு வேறு அறையில் மாட்டலாம். இரண்டு மணிக்கு மேல் கொடுத்தால் சின்னப் பெட்டிகள் திணறும், மூன்றாவது போன் வைத்தால் அதன் மணியை மட்டும் பிரித்துவிடுங்கள். வயர் வேலை செய்யும்போது பெட்டியின் பிளக்கைக் கழற்றியே செய்யுங்கள். 48 வோல்ட் ஒன்றும் செய்யாது, ஆனால் நீங்கள் வயரைப் பிடித்திருக்கும் நேரம் பார்த்து யாராவது கோல் எடுத்தால் மணிக் கரண்ட் கையை நன்றாக உதறும்.

ஒன்று மட்டும் முன்னைப்போல இருக்காது. 2022இல் கரண்ட் மணிக்கணக்காக இல்லாத நாட்களில் என் வீட்டுச் செம்பு லைனில் டயல் டோன் இருந்தது, எக்ஸ்சேஞ்சின் பெரிய பட்டரிகள் அதைத் தாங்கின. உங்கள் வீட்டுப் பெட்டிக்கு அந்தப் பட்டரி இல்லை. ரௌட்டருக்கு வைக்கிற சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி இரண்டுக்கும் கொடுங்கள், எச்டி801க்கு 5 வோல்ட் போதும், பவர் பேங்கில்கூட ஓடும். அப்படி இருந்தாலும் ஆபத்து நேரத்துக்கு இதை நம்பி இருக்க வேண்டாம். அம்புலன்ஸ் நம்பர் 1990ஐச் சுழற்ற மொத்தம் 29 துடிப்பு, பதற்றத்தில் கை தவறினால் முதலில் இருந்து. அம்புலன்சுக்கும் பொலிஸ் 119க்கும் கைபேசியையே எடுக்கச் சொல்லி அம்மாவுக்குப் பழக்கி வையுங்கள். வங்கிக்கு எடுத்தால் ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்பார்களே, துடிப்பை ஒலியாக மாற்றுகிற கருவி இல்லாவிட்டால் அதற்கும் இந்த டயல் சரிவராது. உறவுகளோடு பேசுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் உடம்பைத் துடைக்க மெல்லிய ஈரத்துணியில் ஒரு சொட்டு சோப்பு, காய்ந்த பிறகு கார் பாலிஷ், அது போதும், தின்னர் எதுவும் வேண்டாம். மாமாவின் மஞ்சள் போன் பிளாஸ்டிக், தின்னர் பட்டால் உருகிவிடும்.

ஒரு வேலை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள் தம்பி. இரண்டு போனையும் கவிழ்த்து அடியில் குத்தியிருக்கும் எழுத்தைப் படம் எடுங்கள், பிறகு மூடியைக் கழற்றி, ஒரு வயரையும் தொடாமல், எந்த நிறம் எந்த ஸ்குரூவில் இருக்கிறது என்று தெரிகிற மாதிரி நாலு பக்கத்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள். லண்டன் போனின் மணி வயர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு அடாப்டர் போதுமா, உள்ளே ஒரு வயரை இடம் மாற்றினால் போதுமா என்று சொல்கிறேன். அதுவரை கடைக்காரரிடம் கொடுக்க வேண்டாம்.